ஐம்பது சொற்கள், இரண்டு நிமிடம்

போன மாசம் ஆட்டையாம்பட்டியில், சித்தி வீட்டுத் திண்ணையில், நான் வெள்ளைக்காரத் தேர்வாளராக உட்கார்ந்திருந்தேன். எதிரே சித்தி மகள். நர்ஸிங் முடித்தவள், இங்கிலாந்து போவதற்கு ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறாள். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய, பேச்சுத் தேர்வில் 9-க்கு 7 வேண்டும். அவளுக்குப் பயமே அந்தப் பேச்சுதான்.

"உன் ஊரைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பசுமையான ஊர், அமைதியான ஊர், அருமையான தட்பவெப்பம் என்று கடகடவென ஒப்பித்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எந்த ஊரு புள்ள இது?"

"யூடியூப்ல இப்படித்தாண்ணா சொல்லிக்குடுக்கறாங்க" என்றவள், எரிச்சலோடு கேட்டாள்: "யாருண்ணா இந்த டெஸ்ட்டெல்லாம் கண்டுபிடிச்சது?"

இந்தத் தேர்வு 1989-ல் வந்தது. ஆனால் மொழியைக் காட்டி ஆளை வாசலில் நிறுத்தும் பழக்கம் பழசு. அதில் நம்மாட்களுக்கும் பங்குண்டு.

1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. கரும்பு வெட்ட வந்தவர்களிடம் யாரும் மொழி கேட்கவில்லை. சொந்தமாகக் கடை வைக்க இந்தியர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை. 1897-ல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது: ஐரோப்பிய மொழி ஒன்றில் தன் கையால் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் உள்ளே வரக்கூடாது. இனத்தின் பெயர் சொல்லி யாரையும் தடுக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகளுக்கு விலக்கும் இருந்தது. அதாவது, முதுகு வளைக்க வருபவனுக்கு இங்கிலீஷ் வேண்டாம்; நிமிர்ந்து வருபவனுக்கு வேண்டும்.

ஆஸ்திரேலியா 1901-ல் இதை இன்னும் கூர்மையாக்கியது. அதிகாரி 50 சொற்களை வாசிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934-ல் பல மொழிகள் அறிந்த எகான் கிஷ் என்ற எழுத்தாளருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். தோற்கடிப்பதற்காகவே வைத்த தேர்வு அது. 1958-ல்தான் ஒழிந்தது.

அந்தத் தேர்வு நடப்பில் இருந்தபோதே, 1922-ல், ஒரு தமிழர் ஆஸ்திரேலியா போய் மேடை மேடையாக ஆங்கிலத்தில் பேசினார். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. எங்களுக்கு அவர் அந்நியர் இல்லை, சேலம் முனிசிபல் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். 'வெள்ளி நாக்கு' என்று ஆங்கிலேயர்களே அவரைப் புகழ்ந்தார்கள். அவர் அரசின் பிரதிநிதியாகப் போனதால் யாரும் 50 சொல் எழுதச் சொல்லவில்லை. ஏற்கெனவே அங்கே குடியிருந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கேட்டார், 1925-ல் கிடைத்தது. புதிதாக வருபவர்களுக்கான கதவு திறக்கவில்லை. அவ்வளவு நல்ல ஆங்கிலத்தைக் கேட்டுக் கைதட்டியவர்கள், தேர்வை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் தெரியாததுதான் தடை என்ற சமாதானம் அங்கேயே உடைந்துபோனது.

இன்றைய தேர்வை அதோடு ஒன்றாகக் கட்டிவிட மாட்டேன். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்களை வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். நம் வாடை அடிக்கும் உச்சரிப்பாக இருந்தாலும், புரிந்தால் போதும். உழைத்தால் ஜெயிக்கலாம். ஆனாலும் வாசல் வாசல்தான். கட்டணம் கட்டிப் பெற்ற மதிப்பெண்ணின் ஆயுள் 2 வருஷம்.

"நம்மூரு முறுக்கு மாதிரி இங்கிலீஷும் நமத்துப் போயிருமாண்ணா?" என்றாள்.

"அதையே சொல்லு. முறுக்கப் பத்திப் பேசு."

ஒரு நிமிடம் குறிப்பு எழுதிக்கொண்டு ஆரம்பித்தாள். அரிசி மாவின் பதம், விரலிடுக்கில் திரித்துத் திரித்துச் சுற்றுவது, சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன அவள் அம்மாவின் விரல்கள். 'திரிப்பது' என்பதற்கு ஆங்கிலம் கிடைக்காமல் கையாலேயே காட்டினாள். இரண்டு இடத்தில் இறந்தகாலம் தப்பியது. ஆனால் ஒப்பிக்கவில்லை, பேசினாள்.

2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் நிறுத்திவிட வேண்டும். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.