குதிரில் நெல், குடத்தில் தண்ணீர்

சேமிப்பு என்றால் நமக்குப் பணம்தான் ஞாபகம் வருது. எங்க அம்மாச்சிக்குச் சேமிப்பு என்றால் நெல்தான். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் கதை கேட்டு வளர்ந்தவங்க அவங்க. மண் குதிரில் நெல், பானையில் உப்பும் புளியும் எப்பவும் இருக்கும். பூச்சி வராமல் அரிசியில் வேப்பிலை போடுவாங்க. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைப்பாங்க.

பிறகு ரேஷன் கடை வந்தது, தெருக்குழாய் வந்தது. பெண்களுக்குப் பெரிய பாரம் குறைந்தது. குதிர் இருந்த மூலையும் காலியாச்சு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடலை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணி ஏறலை. அரிசி இருந்த வீட்டிலும் உலை வைக்க வழியில்லை. எங்க தெருவில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் தொட்டியை நிரப்பினோம். பணம் குழுச் சேமிப்பிலிருந்து வந்தது.

பஞ்சம் மெதுவா வரும்; அதுக்கு நெல் போதும். புயல் ஒரே ராத்திரியில் வரும். அதுக்கு முதலில் தண்ணி வேணும். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். 5 பேருக்கு 3 நாளைக்கு 60 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 4 குடம். அடுப்பு எரியாட்டியும் பசியாற அவல், பொட்டுக்கடலை, வெல்லம் வேணும்.

ஐப்பசி மாதக் கூட்டத்தில் சந்தாவோடு இதையும் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டு எழுதுறோம். அம்மாச்சியின் பிடி அரிசிதான், இப்போ கணக்கு நோட்டில் ஏறியிருக்கு.