அடுப்புக் கணக்கு

தேனி அல்லிநகரம் நகராட்சியின் மக்கள்தொகை 2001இல் 85,424. 2011இல் 94,453. பத்து வருடத்தில் பத்தரை சதவீதம் கூடியிருக்கிறது. அதே பத்து வருடத்தில் தேனி மாவட்டம் முழுவதும் 10,93,950இலிருந்து 12,45,899 ஆனது. கிட்டத்தட்ட 14 சதவீதம். 1997 தொடக்கத்திலிருந்து மாவட்டத் தலைநகராக இருக்கிற ஊர், கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் புதுசு புதுசாக அலுவலகங்களும் வந்த ஊர், மாவட்டத்தைவிட மெதுவாக வளர்ந்தது என்றால் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை. வாடகை ஏறிய ஏற்றத்தை மாதாமாதம் கையால் எண்ணிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

எண்ணில் பிழை இல்லை. எல்லையில்தான் சூட்சுமம். கம்பம் ரோட்டில் கொட்டக்குடி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் பழனிசெட்டிபட்டி. அது தனிப் பேரூராட்சி. ஊஞ்சாம்பட்டி, அரண்மனைப்புதூர், கொடுவிலார்பட்டி எல்லாம் ஊராட்சிகள். அங்கே குடியிருக்கிறவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் தேனி என்பார். வேலை தேனியில், பிள்ளைகள் படிப்பது தேனியில், காய்கறி வாங்குவது தேனியில். அட்டவணையில் மட்டும் அவர் தேனி இல்லை. நகராட்சிக்குள் வாடகை கட்டுபடியாகாமல் பாலம் தாண்டிய குடும்பங்கள்தான் அந்த 14க்கும் பத்தரைக்கும் நடுவில் இருக்கின்றன என்பது என் கணிப்பு. வீடு தேடி வருகிற யாரும் தேனியின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு ஊரை எடை போட்டுவிடக் கூடாது.

நான் நடுநிலைப் பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுக்க வாடகை வீடுதான். சென்சஸ் வந்தால் வீடு வீடாக அனுப்ப அரசாங்கத்துக்கு வாத்தியார்களைவிட வசதியான ஆள் கிடையாது. அதனால் என் போன்றவர்கள் மற்றவர்கள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கிறோம். வீடு என்றால் என்ன, குடும்பம் என்றால் என்ன என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். தெருவிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனி வாசல் இருந்தால் அது ஒரு வீடு. சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கதவை எண்ணினால் வீடு, அடுப்பை எண்ணினால் குடும்பம். ரத்த உறவெல்லாம் இரண்டாம் பட்சம்.

அல்லிநகரத்தில் ஒரு காம்பவுண்டு. தெருவில் ஒரு இரும்புக் கேட், உள்ளே எதிரெதிராக நாலும் நாலும் எட்டுக் கதவு. நடுவில் குழாய், துவைகல். கோடியில் இரண்டு கக்கூஸ். எட்டு வீட்டு எண்ணையும் நிலைக்கு மேலே எழுதிக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்தேன். ஒரு தாயார், இரண்டு மகன்கள், இரண்டு மருமக்கள்.

"அடுப்பு ஒண்ணாம்மா, ரெண்டா?"

"ஒண்ணுதான் சார். எம் புள்ளைக ஒத்துமையா இருக்காக" என்றார் மாமியார்.

உள்ளேயிருந்து சின்ன மருமகள் குரல் வந்தது: "ரெண்டு சார். நேத்துல இருந்து ரெண்டு."

அப்புறம் அங்கே நடந்ததை எழுதப் படிவத்தில் இடமில்லை. இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வீட்டில் ஒரே அறை. படிவத்தில் அறைகள் எத்தனை என்பதும் மணமான தம்பதிகள் எத்தனை என்பதும் அடுத்தடுத்த கேள்விகள். இதே மாதிரி ஒற்றை அறையில் ஒரே அடுப்பாக இருக்கிற குடும்பத்துக்கு அறை ஒன்று, தம்பதி இரண்டு என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கும். வீட்டு நெருக்கடியைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினாலும் அந்த இரண்டு கட்டங்கள் சொல்வதைச் சொல்லிவிட முடியாது.

ஆனால் கக்கூஸ் கேள்வியில் அந்தப் படிவம் ஏமாந்து போனது. வளாகத்துக்குள் கக்கூஸ் உண்டா? உண்டு. எட்டு வீட்டுக்கும் 'உண்டு' என்றே பதிவானது. காலை ஆறு மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்கிறவருக்குத்தான் இரண்டை எட்டால் வகுத்தால் என்ன வரும் என்று தெரியும்.

இந்தக் காம்பவுண்டுகள் எப்படி வந்தன என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1901 கணக்கெடுப்பில் போடிநாயக்கனூரில் 22,209 பேர், தாலுகா தலைநகரான பெரியகுளத்தில் 17,960 பேர். அன்று இந்தப் பக்கத்தில் ஊர் என்றால் அந்த இரண்டும் கம்பமும்தான். ஜமீனும் ஏலக்காயும் போடிக்கு, கச்சேரியும் தோப்பும் பெரியகுளத்துக்கு. தேனி, வண்டிப் பாதைகள் கூடுகிற இடம். 2011இல் பெரியகுளம் 42,976. தேனியில் பாதிகூட இல்லை. இந்தத் தலைகீழ் மாற்றத்தில் தேனிக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் வாடகைக்குத்தான் குடியேறியிருப்பார்கள்.

முதல் காரணம் தண்ணீர். பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் நீர் 1895 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் ஆனது. விளைச்சல் பெருகினால் சந்தை பெருகும். சந்தை பெருகினால் தரகரும் சுமைதூக்குகிறவரும் வண்டிக்காரரும் வருவார்கள். அவர்களுக்கு ராத்திரி தலை சாய்க்க இடம் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தண்ணீரே ஒரு வாடகைப் பத்திரத்தின் பேரில் வருவது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு எழுதிய குத்தகை: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், காலம் 999 வருடம். 1970இல் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள். பதினோரு மாத அக்ரிமெண்டில் வருடாவருடம் ஏற்றிக் கொடுக்கிற எங்களுக்கு இதைக் கேட்டால் பெருமூச்சுதான் வரும்.

இரண்டாவது ரயில். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ஓடத் தொடங்கியது. 1942இல் யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மறுபடி நிறுத்தி, தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூனிலும் வண்டி வந்து சேர்ந்தது. ஒரு ஊர் இரண்டு முறை ரயிலை இழந்தும் சுருங்காமல் இருந்தது என்றால் அதைத் தாங்கியது ரோடும் சந்தையும் பஞ்சாலையும். பஞ்சாலையில் ஷிப்டு முடிந்து வருகிறவர் பகலில் தூங்கவேண்டும். அவருக்குத் தோட்டமோ திண்ணையோ தேவையில்லை, கதவடைக்க ஒரு அறை போதும். வீட்டின் பின்புறம் காலியாகக் கிடந்த மாட்டுத் தொழுவத்தைத் தடுத்து நாலு அறை ஆக்கியவர்கள்தான் இங்கே வாடகைத் தொழிலின் முதல் முதலாளிகள்.

இடையில் ஒரு பயங்கரமும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் அதை ஆராய்ந்து எழுதிய விசாரணை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. அவர்கள் எண்ணியது வீட்டு எலியையும் அதன் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியையும். தானியத்தைக் குதிரில் கொட்டிவைத்துக்கொண்டு அதே கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கிய வீடுகள் அவை. வீட்டின் உள்ளமைப்பு உயிர்ப் பிரச்சினை என்பதைச் சென்சஸ் படிவம் அதைக் கேட்பதற்கு முன்பே பிளேக் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கெடுத்துக் காட்டிவிட்டார்கள்.

இனி ஒத்தி. சென்னைக்காரர்கள் போக்கியம், லீஸ் என்பதை இங்கே ஒத்தி என்போம். வீட்டுக்காரருக்கு மகள் கல்யாணமோ கிணறு வெட்டோ, மொத்தமாகப் பணம் வேண்டும். குடிவருகிறவரிடம் சேர்த்துவைத்த மூன்று லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்துவிட்டு இரண்டு அல்லது மூன்று வருடம் வாடகையில்லாமல் குடியிருப்பார். காலம் முடிந்ததும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியேறுவார். வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. கேட்க இனிப்பாக இருக்கும். சிக்கல் கடைசியில்தான்: வீட்டுக்காரர் கையில் பணம் இருக்காது. அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் பழையவருக்குப் பணம். நான் இருந்த ஒரு வீட்டில் அப்படி ஆள் அமையும் வரை காத்திருந்தேன்; வீட்டுக்கார அம்மா தினமும் மாலையில் வந்து, "தம்பி, யாரும் வந்து பார்த்தாகளா?" என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போவார்.

சென்சஸில் வீட்டு உரிமைக்கு மூன்று கட்டம்தான்: சொந்தம், வாடகை, மற்றவை. பணமாகவோ பொருளாகவோ வாடகை கொடுத்தால் வாடகை. கம்பெனி கொடுத்த குடியிருப்பு மாதிரியானவை மற்றவை. ஒத்திக்காரர் எங்கே போவார்? அவரைக் கேட்டால், "வாடகை குடுக்கலையே சார், சொந்த வீடு மாதிரிதான்" என்பார். கணக்கெடுப்பவர் ஆளுக்கு ஒன்றாக எழுதியிருப்பார். 2011 அட்டவணைப்படி இந்தியா முழுக்க 11 சதவீதக் குடும்பங்கள் வாடகையில். நகரங்களில் 27 சொச்சம். தமிழ்நாட்டு நகரங்களில் மட்டும் ஏறக்குறைய 40. நாட்டிலேயே அதிகம் வாடகைக்குக் குடியிருக்கிறவர்களில் நாமும் ஒருவர். ஒத்தியைச் சரியாகப் பிடித்திருந்தால் அந்த நாற்பது இன்னும் கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பூட்டிய வீட்டையும் சொல்லவேண்டும். போடி, கம்பம், தேவாரம் பக்கத்துக் குடும்பங்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மேலே இடுக்கிக்குப் போகிறவர்கள். தினமும் ஜீப்பில் போய்த் திரும்புகிறவர்கள் ஒரு வகை. காய் எடுக்கிற பருவத்தில் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. கீழே கதவில் பூட்டு தொங்கும். அது ஆளில்லாத வீடா, ஆள் இருந்தும் பூட்டிய வீடா என்று பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதவேண்டும். 2011இல் நாடு முழுக்க ஏறக்குறைய இரண்டரைக் கோடி வீடுகள் காலி என்று பதிவானது. அதைப் படித்துவிட்டு 'இவ்வளவு வீடு காலியாக இருக்கும்போது தட்டுப்பாடு ஏது' என்று கேட்கிறவர்கள், ஒரு பூட்டை வைத்துக் காலி என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்று அறியாதவர்கள்.

இன்னொரு கணக்கு, இதுதான் வாடகைக்காரருக்கு முக்கியம். 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 15.6 சதவீதம் கூடியது. குடும்பங்கள் 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சம் ஆயின, 30 சதவீதம். ஆட்கள் கூடியதைப் போல் இரு மடங்கு வேகத்தில் அடுப்பு கூடியிருக்கிறது. சின்ன மருமகள் ஒருத்தி மட்டும் அல்ல, மாநிலமே அந்தப் பத்தாண்டில் இரண்டாவது அடுப்பு வைத்தது. ஊரில் ஜனம் பெரிதாகக் கூடவில்லையே, வாடகை ஏன் ஏறுகிறது என்கிறவருக்கு இதுவே பதில்.

தேனியில் என்.ஆர்.டி. நகரில் ஒரு வாடகை, பாரஸ்ட் ரோட்டுக்கு உள்ளே ஒரு வாடகை, பங்களாமேட்டில் ஒரு வாடகை. அரசாங்க உத்தியோகஸ்தர் என்றால் சாவியை நீட்டுவார்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரியால் டாக்டரும் நர்சும் கேட்டு வரத் தொடங்கிய பிறகு ஆண்டிபட்டி வரை மாடிகள் எழும்பின. சென்சஸில் குடும்பத் தலைவர் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்று ஒரு கேள்வி உண்டு. வீட்டுக்காரர்களும் அதையேதான் கேட்பார்கள், சுற்றி வளைத்து: "எந்த ஊர்ப்பக்கம்? குலசாமி எது?" பதிலைக் கேட்டுவிட்டு, "சொந்தக்காரங்க வர்றதாச் சொல்லியிருக்காங்க" என்பார்கள். 'வீடு வாடகைக்கு' அட்டை மறுநாளும் கேட்டில் தொங்கும். இதற்கு எந்த அட்டவணையும் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்வதால் பிறந்ததுதான் பதினோரு மாத அக்ரிமெண்ட். 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், எந்த வாடகையானாலும் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. நான் பார்த்த வரை இங்கே பெரும்பாலான அட்வான்ஸ் இன்னும் வாய்ச்சொல்லில்தான் கைமாறுகிறது.

2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடத்தில் வீட்டுப் பட்டியல். வருகிற வாத்தியாரோ டீச்சரோ கதவைத் தட்டும்போது கேட்டில் நிற்கிற வீட்டுக்காரர் குடியிருப்பவரின் காதில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "வாடகைன்னு சொல்லாதீக, சொந்தக்காரப் பையன்னு சொல்லிருங்க." வீட்டு வரி ஏறிவிடும் என்ற பயம். 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அந்தப் படிவத்தை வேறு யாரும் கேட்டுப் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. நகராட்சி வரி பில் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாதம் எவ்வளவு வாடகை என்றுகூட அதில் கேட்பதில்லை.