தரங்கம்பாடி முதல் அம்மருட் வரை: தமிழ்ப் பக்க அமைப்பில் எழுத்தளவு

ஒஸ்லோவின் வடகிழக்கே அம்மருட் முதலிய குடியிருப்புகளில் வாழும் தமிழர்க்காக நோர்வே மொழியையும் தமிழையும் ஒரே தாளில் அமைப்போர் ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். இரண்டையும் ஒரே அளவில் கோத்தால் தமிழ்ப் பகுதி கூடுதல் இடம் கொள்கிறது. இடத்தை மிச்சப்படுத்தத் தமிழ் எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிகள் மங்குகின்றன. இச்சிக்கல் முந்நூறாண்டுப் பழமையுடையது.

நோர்வேயும் டென்மார்க்கும் ஒரே முடியின்கீழ் இருந்த காலத்தில், மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியை அடைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் அங்கு வந்தன. அவை அளவிற் பெரியவை. 1578இல் கொல்லத்தில் அச்சான, 16 பக்கமே கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ போன்ற சிறுநூலுக்கு எழுத்தளவு பெருஞ்சிக்கலாகாது. புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட முனைந்தவர்க்கோ அது தாள் பற்றிய வினாவாயிற்று. தாளோ கடல்கடந்து வரவேண்டிய அரும்பொருள். ஆதலின் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1714இல் தொடங்கிய அச்சுப்பணி 1715இல் நிறைவுற்றது.

இதன் கணக்கு எளிது. எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் காற்பங்கு குறைத்தால், அது கொள்ளும் பரப்பு பாதியை நெருங்குகிறது. ஆயினும் குறைப்புக்கு எல்லை உண்டு. இகரக் குறி மேலெழும். உகரக் குறி கீழிறங்கும். வரியிடைவெளியையும் உடன் குறைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டும். ஓலையில் எழுதியவர்க்கு இத்தொல்லை வேறு வகையினது: எழுத்தாணியின் புள்ளி ஓலையைத் துளைக்கும் என்றே பெரும்பாலும் மெய்ப்புள்ளியை விடுத்தனர். அதனால் படிப்பவரே மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. சிக்கனத்தின் சுமை படிப்பவர் தலையில் விழுவது புதிதன்று.

தரங்கம்பாடிச் சிற்றெழுத்தை வெறும் செலவுக் குறைப்பாகக் கொள்வது பொருந்தாது. ஐரோப்பாவில் வரைந்து வார்த்த அளவை மாற்றி, நூலுக்கும் தாளுக்கும் ஏற்ற அளவை அச்சிடும் இடத்திலேயே தேர்ந்தமை தமிழ்ப் பக்க அமைப்பின் முதன்மையான முடிவுகளுள் ஒன்று.

கணினி வந்தபின் புலம்பெயர்ந்தோரிடையே பரவிய பாமினி போன்ற எழுத்துருக்கள் உரோமன் எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தன. நோர்வேச் சொல் ஒன்றை இடையே எழுதவும் எழுத்துருவை மாற்ற நேர்ந்தது. மாற்ற மறந்தால் அச்சொல் பொருளற்ற தமிழெழுத்துக் கோவையாயிற்று. ஒருங்குறி இத்தடையை நீக்கியது. எனினும் இருமொழிப் பத்திகளில் நோர்வே எழுத்துக்குரிய வரியிடைவெளியே தமிழுக்கும் இடப்படும்போது, வரிகளின் தலையும் காலும் இன்றும் முட்டுகின்றன.