கண்ணாடிக்கு வெளியே நின்ற தாய்மார்

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "வைத்தியராக நீங்கள் கண்ட சாதனைகளை எழுதுங்கள்" என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் விடுதிகளில் வேலை செய்கிறேன். சாதனை என்றதும் என் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் தாதியர் செய்தவைதாம். ஆகவே பிறந்த சிசுக்களையும் சிறு பிள்ளைகளையும் அவர்கள் பராமரித்து வந்த வரலாற்றை, நான் பிறந்த பன்வில மலைகளிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

என் அம்மாயி ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார். தங்கியவர்கள் நால்வர். எல்லாப் பிரசவமும் லயத்துக் காம்பராவில், தோட்டத்து மருத்துவிச்சியின் கையில்தான். இறந்தவர்களில் இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரே மாதிரிச் சொல்வார்: "நல்லாத்தான் பொறந்துச்சு. ஏழாம் நாளு பால் குடிக்கல. வாய் கட்டிக்கிச்சு, ஒடம்பு வில்லு மாதிரி வளஞ்சிருச்சு." பேய் பிடித்ததாகத்தான் லயமே நம்பியது. மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம், சிசுக்களுக்கு வரும் ஏற்புவலி பற்றி விரிவுரை நடந்தபோது, விரிவுரையாளர் சொன்ன ஒவ்வொரு அறிகுறியையும் நான் ஏற்கெனவே இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். சுத்தமில்லாத கத்தியால் அறுத்த தொப்புள்கொடி வழியாகக் கிருமி புகுந்திருக்கிறது. தாய்க்குத் தடுப்பூசியும், கொதிநீரில் போட்ட கத்தரிக்கோலும் இருந்தால் அந்த இரண்டு பேரும் எனக்கு மாமா, சித்தி ஆகியிருப்பார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டப் பிரதேசங்களுக்கு வைத்திய வசதி செய்ய ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது: பிரசவித்த பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும், அந்நாட்களில் அவளை வேலைக்கு அழைக்கக் கூடாது, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த பராமரிப்பும் போஷாக்கும் கிடைக்கிறதா என்று துரை பார்த்துக்கொள்ள வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செய்ய வேண்டியவரும் துரை, செய்தாயிற்று என்று எழுத வேண்டியவரும் துரை. முப்பத்தோராம் நாள் பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்கும் தாய் மலைக்கும் போனார்கள்.

நாட்டின் கணக்கைப் பார்த்தால் மாற்றம் பெரியது. மலேரியா கொள்ளைநோய் ஆட்டிய 1935இல் இலங்கையில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1947இல் அது 101. இப்போது பத்துக்கும் கீழே. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, இலவச வைத்தியம் என்று காரணங்கள் பல. என் எண்ணத்தில் முதலிடம், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைக்கும் அதன் மூலம் வீடு வீடாக நடந்த மருத்துவமாதுகளுக்கும்தான். அந்த நடை தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. தோட்டச் சுகாதாரம் கம்பனியின் பொறுப்பாகவே நெடுங்காலம் இருந்ததால் எங்கள் பிள்ளைகளின் மரண வீதம் பெரும்பாலும் நாட்டின் சராசரிக்கு மேலேயே நின்றது. 1973, 74 பஞ்சத்தில் அது மறுபடி ஏறியது. நீலகிரியிலிருந்து இதைப் படிக்கும் மூத்த அக்காமாருக்கு அந்த வருடங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை 1879இலும், லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை 1895இலும் வந்துவிட்டன. எங்கள் பெண்கள் கொழுந்து லொறியில் ஏறியாவது மடுல்கலைக்கும் கண்டிக்கும் போய்ப் பெற்றெடுக்கும் பழக்கம் பரவ மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஏற்புவலி குறைந்தது. ஆனால் வைத்தியசாலைக்குள் வேறொரு துயரம் காத்திருந்தது. அதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

1988இல் தம்பி ஏழு மாதத்தில் பிறந்தான். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். அந்நாளில் எல்லா இடமும் அப்படித்தான். பி.பி.யூ.வுக்குள் தாய்க்கு அனுமதியில்லை. அம்மா கிண்ணத்தில் பால் பீய்ச்சிக் கதவடியில் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நிற்பார். எனக்கு எட்டு வயது. அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் உள்ளே இருந்த மிஸ் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிள்ளை போய்விட்டது என்று நினைத்து அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். இரவுக் கடமைக்கு வந்த தமிழ் தெரிந்த ஒரு மிஸ்தான் விளக்கினார்: இன்றைக்குப் பால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்! அந்த மிஸ் விதியை மீறி அம்மாவை உள்ளே விட்டு, விரலை மட்டும் பிள்ளையின் கையில் வைக்கச் சொன்னார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.

தாயை வெளியே நிறுத்தியதில் தீய எண்ணம் இல்லை, கிருமிப் பயம். 1880இல் பாரிஸில் டார்னியே என்ற வைத்தியர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து இன்கியுபேட்டரை அமைத்த நாளிலிருந்து, குறைமாதக் குழந்தை பெட்டிக்குச் சொந்தமாகிவிட்டது. பெரிய பிள்ளைகளின் விடுதிகளிலும் பார்வை நேரம் சுருங்கியது. தாய் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்றார்கள். அந்த அமைதி ஏக்கத்தால் வந்தது என்பதை ஜேம்ஸ் றொபர்ட்சன் 1952இல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்துக் காட்டினார். 1959இல் பிரித்தானியாவின் பிளாட் அறிக்கை, தாய்மாரைப் பிள்ளையோடு தங்கவிடச் சொன்னது. எங்களுக்கு அது வந்துசேர எவ்வளவு காலம் ஆயிற்று என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தாதியின் கண்ணைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் நகர முடியாது. 1956இல் இங்கிலாந்தின் ரொச்போர்ட் வைத்தியசாலையில் ஜீன் வார்ட் என்ற தாதிய சகோதரி, நல்ல வெயில் நாட்களில் குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் மஞ்சட்காமாலையுள்ள ஒரு குழந்தையை வைத்தியர்களிடம் காட்டினார். உடல் முழுவதும் வெளுத்திருந்தது. துணியின் மூலை மூடியிருந்த முக்கோணம் மட்டும் அடர்மஞ்சள். அதிலிருந்துதான் 1958இல் ஒளிச்சிகிச்சை பிறந்தது. இன்று எங்கள் விடுதிகளில் நீல விளக்கின் கீழ்ப் படுத்திருக்கும் ஒவ்வொரு குழந்தையும் அவருக்குக் கடன்பட்டது. (பிள்ளையை வெயிலில் காட்டினால் போதுமே என்று பாட்டிமார் கேட்கிறார்கள். போதாது. முதல் நாளே மஞ்சளானாலும், பால் குடிக்காமல் சோர்ந்தாலும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள்.)

கண்ணாடி உடைந்தது வறுமையால். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், பெட்டிகள் போதாமல் ஒன்றில் பல குழந்தைகள் படுத்திருந்த நிலையில், எட்கார் ரே என்ற வைத்தியர் குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவிட்டார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. ஏழைகளுக்கான மாற்றுவழி என்றே நெடுங்காலம் பேசப்பட்டது. 2021இல் இந்தியாவும் நான்கு ஆபிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு வெளிவந்தது: ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இப்படி வைத்தபோது, முதல் மாத மரணம் நூற்றுக்கு 15.7இலிருந்து 12 ஆகக் குறைந்தது. தாய்க்கான கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போடப்பட்டது.

ஆனால் மார்பில் கட்டிவிட்டால் வேலை முடிவதில்லை. மூக்குக் குழாயால் இரண்டு மணிக்கொருதரம் சில மில்லிலீற்றர் பால், மூச்சு நின்றால் உள்ளங்காலைத் தட்டுதல், கழுத்து மடியாமல் பார்த்தல் எல்லாம் தாதி தாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை. சொல்லிக்கொடுக்க மொழி வேண்டும். மலையக வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் தாதியரும் மருத்துவமாதுகளும் இன்றும் போதாது. சிங்களத் தாதியர் பலர் அன்பாலும் அரைகுறைத் தமிழாலும் சமாளிப்பதைத் தினமும் பார்க்கிறேன். இருந்தும், "பிள்ளை நிறம் மாறினா கூப்பிடுங்கம்மா" என்ற ஒரு வசனம் புரியாமல் போனதால் நேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இந்த மலரின் பெயர்ப்பட்டியலில் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, அதிபர் எல்லாம் இருக்கிறார்கள். தாதியரும் மருத்துவமாதுகளும் இல்லை. எமது பாடசாலையிலிருந்து போனவர்கள் இல்லாமலா? நீர்கொழும்பிலும் நுவரெலியாவிலும் டொரொண்டோவிலும் நானே சிலரைச் சந்தித்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், எந்த வருட வகுப்பு, எங்கே பயிற்சி, எந்த விடுதியில் வேலை என்ற விபரங்களோடு சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். அடுத்த மலருக்கு அந்தப் பட்டியலை நான் தொகுக்கிறேன். 1988இல் இரவுக் கடமையிலிருந்த அந்த மிஸ்ஸையும் தேடிக்கொண்டிருக்கிறேன். தம்பி இப்போது டுபாயில் இருக்கிறான்; ஆறடி உயரம்.