சாகாத ஆடும் சாகும் இடையனும்

மாடு என்ற சொல்லுக்குத் தமிழிலே செல்வம் என்றும் பொருள் உண்டு. இலத்தீன் மொழியிலே பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்ற சொல், கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நாணயம் அச்சாகுமுன்பே கன்று பிறந்துவிட்டது. ஆகவே கன்றே உலகின் முதல் நாணயமாயிற்று.

இதைச் சொன்னவுடன் பெரியவர் சிலர் பெருமூச்சு விடுகின்றனர். "அது அல்லவோ பொற்காலம்! ஆட்டைக் கொடுத்து நெல் வாங்கினோம், கிடேரியைக் கொடுத்து எருது வாங்கினோம். காசு வந்தது, கபடமும் கூடவே வந்தது" என்கின்றனர். காரைக்கால் வட்டாரத்துத் திண்ணைகளிலே இந்தப் பேச்சு இன்றும் ஓயவில்லை. பண்டமாற்றில் கபடம் இல்லையா? வரலாற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம்.

முதற்சாட்சி ஒரு பெண். பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆயர் மகள் அவள். மோர் விற்றுக் கிடைத்த உணவால் சுற்றத்தைக் காக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் பசுவையும் கன்றையும் பெறுகிறாள். ஏன்? பொன் குட்டி போடாது, எருமை போடும்! ஏடறியாப் பெண் எனினும் பொருளியல் அறிந்த பெண். தன் சரக்கின் விலையைத் தானே சொன்னாள்; சொன்னதைப் பெற்றாள். அந்த உரிமை அவளுக்கு இருந்தது என்பதை மனத்தில் இருத்துவோம்.

இரண்டாம் சாட்சி கல். தஞ்சைப் பெரிய கோயிலிலே இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஒரு மாற்றுக் கணக்கையே வைத்திருக்கின்றன. ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. அதாவது இரண்டு ஆடு ஒரு பசுவுக்குச் சமம். மூன்று பசு ஓர் எருமைக்குச் சமம். கால்நடையைப் பெற்ற இடையன் விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எதுவரையில்? சந்திரனும் சூரியனும் உள்ளவரையில்!

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு! கோமாரிக்கும் வெள்ளத்துக்கும் அந்த ஆடு தெரியாதா? தெரியும். ஆடு செத்தது. ஆனால் கணக்கு சாகவில்லை. கிழடானதைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து, 96 என்ற எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது இடையன் பொறுப்பு. குட்டி மிகுந்தால் அவன் பிழைப்பான். நோய் மிகுந்தால் அவன் நொடிவான். அவன் தவறினால் நெய்க்குப் பொறுப்பேற்க உறவினர் பெயர்களும் கல்லிலே பொறிக்கப்பட்டன. ஆடு சாகாது என்று எழுதியவர்கள், இடையன் சாவான் என்பதை நன்கு அறிந்திருந்தனர்!

இங்கே விலையைச் சொன்னவன் இடையன் அல்லன். ஆயர் மகளின் வாயிலிருந்த அளவுகோல் அரண்மனையின் கைக்குப் போய்விட்டது. அதே கோயிலின் கல்வெட்டுகள் 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்ற பெயர்களையும் தாங்கி நிற்கின்றன. அணையா விளக்கு எரிந்த அதே நாட்டிலே, அந்தச் சேரியின் இருட்டு அணையவில்லை.

மூன்றாம் சாட்சி நம் காரைக்கால் மண். தஞ்சை மராத்தியர் அரியணைச் சண்டையிலே உதவிக்கு விலையாகப் பேசப்பட்ட ஊர் இது. 1739 இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஊரும் வயலும், வயலில் உழுத மாடும், மாட்டின் பின்னே நடந்த மனிதனும் கைமாறினர். அவனை யாரேனும் ஒரு சொல் கேட்டார்களா? மாட்டையாவது பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவார்கள்! பின்னர், 19 ஆம் நூற்றாண்டிலே, இதே துறைமுகத்திலிருந்து ஏழை உழைப்பாளர் ரெயூனியன் தீவுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறினர்.

இனி வயல்வெளிக்கு வருவோம். நிலமற்றவனிடம் இருந்தது என்ன? ஓர் ஆடு, இரண்டு கோழி. வாய்த்தால் வாரத்துக்கு வளர்க்கும் ஒரு கன்று. பண்ணையாரிடம் இருந்தது நெல். ஐப்பசி, கார்த்திகையிலே அடைமழை. வயலெங்கும் சம்பாப் பயிர். ஆடு மேய ஓர் அடி நிலம் இல்லை. குடிசையிலே அரிசியும் இல்லை. அப்போதுதான் ஏழை ஆட்டை ஓட்டிக்கொண்டு நெற்களஞ்சியத்தின் வாயிலில் நிற்பான். தையிலே அறுவடை முடிந்து வயல் மேய்ச்சலாகும்போது அதே ஆட்டுக்குக் கூடுதல் நெல் கிடைக்கும். ஆனால் பசிக்குத் தை வரையில் தவணை உண்டா? மரக்கால் யாருடையதோ, மாதம் யாருக்குச் சாதகமோ, விலையும் அவனுடையதே. காசு இல்லாத இடத்திலும் கபடத்துக்கு இடம் இருந்தது!

போதாக்குறைக்குச் சாத்திரம் வந்து சேர்ந்தது. மாட்டின் முதுகிலே மயிர் சுழித்திருக்கும். அது மேல்நோக்கி ஊர்ந்தால் 'ஏறுபூரான்', வாங்கியவன் வாழ்வானாம். கீழ்நோக்கி ஊர்ந்தால் 'இறங்குபூரான்', வாங்கியவன் கெடுவானாம். பாடைச் சுழி என்றால் வீட்டில் பிணம் விழுமாம். மயிர் வளரும் போக்குக்கும் மனிதன் மடியும் நாளுக்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. ஆனால் விலைக்கும் சுழிக்கும் உறவு உண்டு. ஏழையின் காளையிலே தரகன் கெட்ட சுழியைக் கண்டுபிடித்தால் அது பாதி விலைக்குப் போகும். துண்டுக்கடியிலே விரல் பேசும். துண்டுக்கு வெளியே சாத்திரம் பேசும்!

1952 இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உழவனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று அது விதித்தது. பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலுக்கு அது எட்டவில்லை. இங்கே ஆட்சி மாறியது 1954 நவம்பர் முதல் நாளில்தான். சட்டம் எட்டிய இடத்திலும் மரக்கால் எளிதில் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தை ஒட்டி, 1968 டிசம்பர் 25 அன்று, அண்டையிலுள்ள கீழ்வெண்மணியிலே 44 பேர் தீயில் மாண்டனர். நெல்லின் அளவைப் பற்றிய வழக்கு எத்தனை கொடிய வழக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, காசு கெட்டது, பண்டமாற்று நல்லது என்ற வாதம் வெறும் வாதம். கொடுப்பவனும் கொள்பவனும் நிகராய் நின்றால் இரண்டும் நல்லவை; ஒருவன் பசியோடும் மற்றவன் களஞ்சியத்தோடும் நின்றால் இரண்டும் கொள்ளையே.

இளைஞர்களே, மாட்டுச் சந்தைக்குச் செல்லுங்கள். சுழியைக் காட்டி விலையைக் குறைப்பவனிடம், பல்லைக் காட்டச் சொல்லுங்கள். நிலைப்பல் இரண்டானால் ஏறத்தாழ இரண்டரை வயது. எட்டும் முளைத்தால் ஏறத்தாழ ஐந்து வயது. பல் சொல்வது உண்மை. பூரான் சொல்வது புளுகு. ஆடு வளர்க்கும் தாய்மாரிடம், ஐப்பசியிலே தனித்தனியே விற்காமல் கூட்டாக நின்று விலை பேசச் சொல்லுங்கள். அன்று பொன்னை மறுத்து எருமையைக் கேட்ட ஆயர் மகள் அவர்களுடைய பாட்டி. பாட்டியின் கையிலிருந்து பறிபோன அளவுகோலைப் பேத்தியின் கையிலே மீண்டும் கொடுப்பது நம் கடமை.