ஆட்லரின் பிரிவும் வியன்னாப் பள்ளிகளும்

ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு வட்டத்திலிருந்து முதன்முதலில் பிரிந்துபோய்த் தனக்கென ஒரு பெயரும் சங்கமும் கண்டது தனிமனித உளவியல். அதை நிறுவிய ஆல்ஃபிரட் ஆட்லரைப் பலரும் ஃப்ராய்டின் மாணவர் என்றே எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. 1902-இல் ஃப்ராய்டு தம் வீட்டில் புதன்கிழமைதோறும் நடத்தத் தொடங்கிய கூட்டத்துக்கு அழைத்த முதல் நால்வரில் ஒருவராக ஆட்லர் வந்தபோது, அவர் ஏற்கெனவே தொழில் நடத்திவந்த மருத்துவர். தையல் தொழிலாளர்களின் உடல்நலம் குறித்து 1898-இல் சிறுநூல் ஒன்றும் எழுதியிருந்தார். நோய்க்கான காரணத்தை உடலில் மட்டுமல்லாமல் பட்டறையிலும் கூலியிலும் தேடிய நூல் அது. பின்னாளில் இரு தரப்பையும் பிரித்த பார்வை வேறுபாடு அதிலேயே தெரிகிறது.

1907-இல் வெளியான உறுப்புக் குறைபாடு பற்றிய ஆய்வில், பலவீனமான ஓர் உறுப்பை ஈடுகட்ட உடலும் மனமும் எடுக்கும் முயற்சியை ஆட்லர் விளக்கினார். சிறுவயதில் கணைச்சூட்டு நோயால் நடக்கத் திணறியவர் அவர். ஃப்ராய்டு இந்த நூலை வரவேற்றார். ஆனால் ஈடுகட்டும் முயற்சியே மனநோய்க்கு அடிப்படை என்றும், பாலுணர்ச்சி அதன் ஒரு கருவி மட்டுமே என்றும் ஆட்லர் சொல்லத் தொடங்கியதும் உறவு முறிந்தது. 1910-இல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவரான ஆட்லர், 1911 பிப்ரவரியில் தம் கருத்துகள் மீது நடந்த கடும் விவாதங்களுக்குப் பின் பதவி விலகினார். அவர் தொடங்கிய புதிய சங்கத்திலும் பழைய சங்கத்திலும் ஒருவர் ஒருசேர இருக்க முடியாது என்று அக்டோபரில் முடிவானது. அவரது ஆதரவாளர்களும் வெளியேறினார்கள். கொள்கை வேறுபாட்டை விசுவாசப் பிரச்சினையாக மாற்றியதில் ஃப்ராய்டின் பங்கு சிறியதல்ல.

1912-இல் வந்த நரம்புநோய்க் குணம் பற்றிய நூல் புதிய சிந்தனைப் பள்ளிக்கு அடித்தளமானது. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி கேட்டு ஆட்லர் அளித்த விண்ணப்பம் 1915-இல் நிராகரிக்கப்பட்டது.

அந்தக் கதவு மூடியது ஒருவகையில் நல்லதாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் சமூக ஜனநாயகவாதிகள் ஆண்ட வியன்னாவில் ஓட்டோ க்ளோக்கலின் கல்விச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிகளிலும் பொது இடங்களிலும் ஆட்லரும் அவரது சகாக்களும் குழந்தை ஆலோசனை மையங்களைத் திறந்தார்கள். 1920களின் இறுதியில் அவை ஏறத்தாழ முப்பது. ஆலோசனை பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கவில்லை. வகுப்பில் அடங்காத, அல்லது படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அவையில் அறிக்கை படிப்பார். கூடியிருக்கும் ஆசிரியர்கள் கேட்டிருக்க, பிள்ளை எதை அடைய அப்படி நடந்துகொள்கிறது என்று ஆட்லர் வரிவரியாக ஆராய்வார். பிறகு பெற்றோரையும் பிள்ளையையும் உள்ளே அழைத்துப் பேசுவார். பிள்ளையின் கூச்சத்தைப் பலர் முன் வைப்பது சரியா என்ற கேள்வி நியாயமானதே. என்றாலும், கட்டணம் கட்ட முடியாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு மனமருத்துவம் எட்டியதும், ஒரே அமர்வில் பல ஆசிரியர்கள் பயிற்சி பெற்றதும் இம்முறையால்தான். நோயாளி சாய்விருக்கையில் படுத்திருக்க, மருத்துவர் பின்னால் மறைந்து உட்காரும் வழக்கத்தையும் ஆட்லர் கைவிட்டார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள்.

1931-இல் ஆட்லரின் சகாக்களான ஆஸ்கார் ஸ்பீல், ஃபெர்டினான்ட் பிர்ன்பௌம் முதலியோர் தனிமனித உளவியல் கொள்கையில் ஒரு சோதனைப் பள்ளியையும் தொடங்கினார்கள். 1934 பிப்ரவரி உள்நாட்டுச் சண்டையில் சமூக ஜனநாயகவாதிகள் ஒடுக்கப்பட, சோதனைப் பள்ளியும் ஆலோசனை மையங்களும் மூடப்பட்டன. நகராட்சியின் ஆதரவில் வளர்ந்த இயக்கம் அந்த ஆட்சியோடு சேர்ந்தே வீழ்ந்தது. அதற்குள் அமெரிக்காவில் பேராசிரியராகியிருந்த ஆட்லர், 1937 மே 28 அன்று சொற்பொழிவுப் பயணத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத் தெருவில் விழுந்து இறந்தார். நாஜிகள் வந்த பிறகு அவரது சகாக்கள் பலர் நாடுவிட்டு ஓடினர். சிலர் முகாம்களில் மாண்டனர். போர் முடிந்தபின் ஸ்பீல் வியன்னாவில் பள்ளிப் பணியை மீண்டும் தொடங்கினார். சிகாகோவில் ஆட்லரின் இன்னொரு சகாவான ருடால்ஃப் ட்ரைகர்ஸ் 1952-இல் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருக்க ஒரு குடும்பத்தோடு பேசும் வியன்னா முறையை அவர் அமெரிக்காவில் பரப்பினார்.