செப்பேட்டில் ஓர் ஊர்ப்பெயர்

பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களினின்று மும்பைக்கும் தில்லிக்கும் குடிபெயர்ந்த நம்மவர், இணையவழிப் பொருட்காட்சி சாலைகளில் எதனைத் தேடுகின்றனர்? மணிமுடியையன்று, தம் வட்டாரத்து ஊர்ப்பெயரையே என்போம்.

9-ஆம் நூற்றாண்டுப் பார்த்திவசேகரபுரச் செப்பேட்டைக் காண்க. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து, அவர்தம் நிலத்தைப் பெற்றுக் கோயில் எடுத்தான். காந்தளூர்ச் சாலையின் முறைப்படியே 95 மாணாக்கர் பயிலச் சாலையும் கண்டான். காந்தளூர் திருவனந்தபுரத்தைச் சார்ந்தது என்பர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இரு சாலைகளுக்கும் நடுவே எல்லைக்கோடு வீழ்ந்தது! அச்சாசன வாசகம் இன்று இணையத்தில் கிட்டுகிறது. முஞ்சிறையில் பெண் கொடுத்த பாறசாலைக்காரர், அப்பெயரைத் திரையில் கண்டபின் எளிதில் அப்பால் நகர்வதில்லை.